படுக்கையறை அலமாரி: மராமத்து நாட்குறிப்பு

மே 4
அறை 10-க்கு 12 அடி. அலமாரிக்கு இடம் பார்க்கும் முன் கட்டிலுக்குத்தான் இடம் குறிக்க வேண்டும். கட்டில் 60 அங்குல அகலம். தலைப்பலகையோடு 80 அங்குல நீளம். தலைமாட்டை 12 அடிச் சுவரில் வைத்து எதிரே 24 அங்குல ஆழ அலமாரி போட்டால் நடுவில் மிஞ்சுவது 16 அங்குலம்தான். நின்று கதவைத் திறக்க முடியாது. தலைமாட்டை 10 அடிச் சுவருக்கு மாற்றினால் அலமாரியின் முன் 40 அங்குலம், கட்டிலின் இருபுறமும் 30. தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி நடந்து பார்த்தாயிற்று. இதுதான்.

மே 6
ஸ்லைடிங் கதவா, கீல் கதவா? சட்டை மாட்டிய ஹேங்கருக்கு உள்ளே 22 அங்குல ஆழம் வேண்டும். ஸ்லைடிங்கில் இரு கதவும் தண்டவாளமும் சேர்ந்து 3 அங்குலத்துக்கு மேல் தின்றுவிடும். மொத்த ஆழம் 27 இல்லாவிட்டால் சட்டைக் கையைக் கதவு உரசும். கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் டிராயர் வைத்தால் அது முழுதாக வெளியே வராது. முன்னால் 30 அங்குலம்கூட இல்லாத அறைக்கு ஸ்லைடிங்தான் வழி. இங்கே 40 இருப்பதால் கீல் கதவே நல்லது. அலமாரி முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்.

மே 9
அலமாரிச் சுவருக்குப் பின்னால் குளியலறை. இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப்பால் அடைத்து ஒரு பகலும் இரவும் விட வேண்டும். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த பிளைவுட் போட்டாலும் பூஞ்சை பிடிக்கும்.

மே 10
பூச்சுக்கு முன் ஒயரிங். கட்டிலின் இருபுறமும் தரையிலிருந்து 27 அங்குலத்தில் ஸ்விட்ச். பழைய போர்டு ஒன்று அலமாரிக்குப் பின்னால் போகிறது. இடம் மாற்றியாக வேண்டும்.

மே 19
டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் முடிந்தபின்தான் அலமாரிக்கு அளவு. சுவரின் அகலம் மேலே 119¾, நடுவே 119¼, கீழே 118½. எந்தச் சுவரும் நேராக இருப்பதில்லை. சின்ன அளவில் ஓர் அங்குலம் குறைத்து 117½-க்குப் பெட்டி, மீதி இடைவெளியை மூட ஃபில்லர் பட்டி. ஆறு கதவுகள், ஒன்று சுமார் 19½. கதவு 24 அங்குலத்தைத் தாண்டினால் கீலில் பளு ஏறித் தொங்கிவிடும்.

உயரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சீலிங் 108 அங்குலம். 107 உயரத்தில் ஒரே பெட்டியாகச் செய்து படுக்கவைத்து நிமிர்த்தினால், மூலைக்கு மூலை 110 வரும், சீலிங்கில் முட்டும். அதனால் கீழே 84, மேலே லாஃப்ட் தனிப்பெட்டி.

மே 21
உள்பிரிப்பு. சட்டைக்கு 40 அங்குல உயரம், நீள உடைக்கு 64. கம்பி 3 அடியைத் தாண்டினால் நடுவில் தாங்கி வேண்டும். 18 மி.மீ. பிளைவுட் தட்டுக்கும் அதே 3 அடிதான் எல்லை. டிராயரை ஓரப்பலகையோடு ஒட்டி வைத்தால் கதவின் கீலில் இடிக்கும். பக்கத்தில் ஒன்றரை அங்குலப் பட்டி கொடுத்து உள்ளே தள்ள வேண்டும்.

மே 30
கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டினால் சில மாதங்களில் வளையும். உள்பக்கமும் ஒட்டச் சொல்லியாயிற்று. ஏழடிக் கதவுக்கு நான்கு கீல்.

லாஃப்ட் கதவைத் திறந்து ஃபேனோடு சரிபார்த்தாயிற்று. அறை நடுவில் 48 அங்குல ஃபேன். இறக்கை நுனி அலமாரிச் சுவரிலிருந்து 48 அங்குலத்தில் சுற்றுகிறது. திறந்த கதவு 44 வரை வருகிறது. 4 அங்குல இடைவெளி போதும்.