வெளியேறிய கருகலும் உள்ளே வந்த பெப்ரினும்

பள்ளியில் காளானைப் பற்றி நான் படித்தது தாவரவியல் புத்தகத்தில்தான். இருந்த இடத்திலேயே வளர்கிறது என்பதால் உயிர்களை வகைப்படுத்திய லின்னேயஸ் அதைப் பூக்காத் தாவரங்களோடு சேர்த்தார். 1969-இல் சூழலியலாளர் விட்டேக்கர், உயிர்களை ஐந்து பெரும் பிரிவுகளாக்கும் ஐந்துலக வகைப்பாட்டை முன்வைத்த பிறகே பூஞ்சைகளுக்குத் தனி உலகம் பரவலாக ஏற்கப்பட்டது. 1993-இல் வெளியான மரபணு ஒப்பீடுகளோ, பூஞ்சைகள் செடிகளை விட விலங்குகளுக்கே நெருங்கிய உறவு என்று காட்டின. கைட்ரிட் என்னும் நீர்ப்பூஞ்சையின் நீந்தும் வித்து, நம் விந்தணுவைப் போலவே பின்புறம் ஒற்றை வாலை வைத்துத் தன்னை முன்னோக்கி உந்திச் செல்கிறது. பூஞ்சையைக் கொன்று நம் செல்லை விட்டுவைக்கும் மருந்துகள் அரிதாக இருப்பதற்கும் இந்த உறவே முக்கியக் காரணம்.

ஆனால் பூஞ்சை போலத் தெரிவதெல்லாம் பூஞ்சை அல்ல. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழித்துப் பெரும் பஞ்சத்துக்கு வழிவகுத்த இலைக்கருகல் நோயின் கிருமியான பைட்டோப்தோரா, இலையின் அடிப்புறத்தில் வெண்ணிறப் பூசணம் போலப் படரும், வித்தும் விடும். ஆயினும் அதன் செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு. நீந்தும் வித்துக்கு வால் இரண்டு. உறவினர்களோ பழுப்புப் பாசிகளும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளும். பூஞ்சைகளின் செல்சவ்வில் உள்ள எர்கோஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளை இது தயாரிப்பதே இல்லை. ஆகவே அதன் உற்பத்தியைத் தடுக்கும் அசோல் வகைப் பூஞ்சைக்கொல்லியை எவ்வளவு தெளித்தாலும் பயனில்லை. வகைப்பாடு வெறும் பெயர் விளையாட்டு என்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

எதிர்த்திசையில், பூஞ்சைகளின் பக்கம் வந்தது, பட்டுப்புழுவுக்குப் பெப்ரின் நோயைத் தரும் நோசிமா என்னும் ஒட்டுண்ணி நுண்ணுயிர். செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியா இல்லாத ஆதி உயிர் என்று கருதி, இதன் இனமான மைக்ரோஸ்போரிடியாக்களை உயிர்மரத்தின் அடிக்கிளையிலேயே ஒருகாலத்தில் வைத்திருந்தார்கள். உண்மையில் அவை பழமையானவை அல்ல, ஒட்டுண்ணி வாழ்வில் பலவற்றை இழந்தவை. மைட்டோகாண்ட்ரியாவின் சுருங்கிய மிச்சம் 2002-இல் அவ்வினத்தில் கண்டறியப்பட்டது. இன்று அவற்றைப் பூஞ்சைகளுக்குள்ளோ பூஞ்சைகளை ஒட்டியோதான் வைக்கிறார்கள். பட்டு முட்டை தயாரிக்கும் நிலையங்களான வித்தகங்களில், முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து அந்தச் சாற்றின் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால், நோய் இருப்பின் அரிசி வடிவில் பளபளக்கும் சிறு வித்துகள் தென்படும். உடனே அந்த முட்டைகளை எரித்துவிடுவார்கள். இந்தச் சோதனையை 1860-களில் பாஸ்டர் வகுத்தபோது, கண்ணில் படுவது பூஞ்சையின் உறவு என்று அவருக்குத் தெரிய வழியில்லை.