தெருவை ஒரு சாயங்காலம் அடைத்தோம்

எங்கள் தெருவில் ஒரு வீட்டைப் பட்டப்பகலில் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வண்டி வந்து நின்றதையும் சாமான் ஏறியதையும் எதிர்வரிசையில் மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். மூவருமே வீடு மாறுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். அங்கே குடியிருப்பது யார், காலி செய்யப் போகிறார்களா இல்லையா என்பதெல்லாம் தெரிந்திருந்தால்தானே சந்தேகம் வரும்?

அதற்குப் பிறகு கேமரா, காவலாள் என்று வழக்கமான யோசனைகள் கிளம்பின. கேமரா நானும் வாங்கினேன். ஆனால் தெருவை ஒரு சாயங்காலம் அடைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொன்னபோது, "திருட்டுப் போன தெருவில விருந்தா?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்தார். கடைசியில் தடுப்புகளைத் தோளில் தூக்கி வந்தவர் அவர்தான், அது வேறு கதை.

நடத்திப் பார்த்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சாயங்காலத்தைவிட, அதற்கு ஆள் கூப்பிடப் போன வாரங்களில்தான் பாதுகாப்புக்கான வேலை அதிகம் நடந்தது.

மண்டபம் எடுத்தால் சுலபம் என்று சிலர் சொன்னார்கள். மண்டபத்தில் பழகியவர்கள் பழகியவர்களோடு போய் உட்கார்ந்துவிடுவார்கள். தெருவில் நடந்தால் வரமாட்டேன் என்றவரும் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தே தீர வேண்டும். 1960களின் கடைசியில் டொனால்டு ஆப்பிள்யார்டு என்ற நகரத் திட்ட அறிஞர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். வண்டி குறைவாக ஓடும் தெருவில் இருந்தவர்களுக்கு அதே தெருவில் இருந்த நண்பர்கள், நெரிசலான தெருக்காரர்களுக்கு இருந்ததைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. இதை எடுத்துச் சொன்ன பிறகு மண்டபப் பேச்சு நின்றது. ஆராய்ச்சியால் நின்றதா, வாடகையை யோசித்து நின்றதா என்பதை நான் கேட்கவில்லை.

அனுமதி வாங்குவதை நினைத்துத்தான் எல்லோரும் மலைத்தார்கள். விதிகள் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றுதான். எந்த மூலையிலிருந்து எந்த மூலை வரை, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, பொறுப்பு யார், குப்பையை யார் அள்ளுவது, தெருக்காரர்கள் சம்மதித்தார்களா. பேருந்து போகும் சாலையாக இருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. ஒரு தாளில் தெருவை வரைந்து, மேசைகள் எங்கே, தடுப்பு எங்கே என்று குறித்துக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று. அதில் அதிகாரி முதலில் தேடியது தீயணைப்பு வண்டிக்கு வழி இருக்கிறதா என்பதைத்தான். நடுவில் ஒரு வண்டி போகும் அகலம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், தீயணைப்புக் குழாயை எதுவும் மறைக்கக் கூடாது. காரைக் குறுக்கே நிறுத்தித் தெருவை அடைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் நேரத்தில்தான் சாவி காணாமல் போகும். ஒரே ஆள் நகர்த்தக்கூடிய தடுப்பும், அதன் பக்கத்தில் மாற்றி மாற்றி ஓர் ஆளும் இருந்தால் போதும்.

சம்மதக் கையெழுத்து என்ற அந்தத் தொல்லைதான் எங்களுக்கு வரமாக வந்து வாய்த்தது. ஒவ்வொரு கதவையும் தட்ட ஒரு காரணம் கிடைத்தது. கடிதப் பெட்டியில் தாளைப் போட்டுவிட்டு வருவதால் ஒரு பயனும் இல்லை. இருவர் இருவராகப் போனோம். ஒருவர் தெருவில் பழையவர், ஒருவர் புதிதாக வந்தவர். "வர்றீங்களா?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். "நாற்காலி தர முடியுமா? மின்சார வயர் இழுத்துக்கலாமா?" என்று கேட்டால் நின்று பேசுகிறார்கள். பொருளைக் கொடுத்தவர் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவாவது வருவார்.

இரவு வேலைக்குப் போகும் செவிலியர் ஒருவர் எங்கள் வரிசையிலேயே இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அவருடைய வண்டியைத் தடுப்புக்கு வெளியே நிறுத்த இடம் ஒதுக்கினோம். மூலை வீட்டு ஐயாவுக்கு அழைப்பு மணி காதில் விழாது, ஜன்னலைத் தட்ட வேண்டும். ஒரு மாடி வீட்டில் கதவைத் திறந்த பெண், "நாங்க வாடகைக்கு இருக்கோம். எங்களுக்கும் உண்டா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. எங்கள் பழைய தொலைபேசிப் பட்டியலில் சொந்த வீட்டுக்காரர்கள் மட்டும்தான் இருந்தார்கள். வீட்டில் இல்லாத உரிமையாளரின் எண் இருந்தது, அதே வீட்டில் தூங்குகிறவரின் எண் இல்லை.

சில கதவுகள் திறக்கவே இல்லை. அவர்களை விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தபோது பாரிஸ் கதையைச் சொன்னேன். அங்கே பதினேழாவது வட்டாரத்தில் ஒரு மூதாட்டி தன் வீட்டில் இறந்துகிடந்தது மாதக்கணக்கில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. அந்த வேதனையில்தான் அதே வட்டாரத்தைச் சேர்ந்த அத்தனாஸ் பெரிஃபான், அக்கம்பக்கத்தார் கூடிச் சாப்பிடும் அண்டை வீட்டார் நாளை 1999இல் தொடங்கினார். இன்று அது பல நாடுகளில் நடக்கிறது. திறக்காத கதவுகளுக்கு வேறு நேரத்தில், வேறு ஆள் போனார். இரண்டு திறந்தன.

காவல்துறையைக் கூப்பிடுவதா என்பதில்தான் உண்மையான சண்டை வந்தது. அமெரிக்காவில் 1984 முதல் 'நேஷனல் நைட் அவுட்' என்று நடத்துகிறார்கள். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் மாத முதல் செவ்வாய்க்கிழமை தெருத் தெருவாக மக்கள் கூடுவார்கள், காவலர்கள் சுற்றி வருவார்கள். அதைப் போலவே செய்ய வேண்டும் என்றது ஒரு கட்சி. சீருடையைப் பார்த்தாலே உள்ளே போய்விடும் குடும்பங்கள் இருக்கின்றன என்றது மறு கட்சி. இரண்டுமே நியாயம். மேடை, மைக், உரை எதுவும் இல்லாமல், பகுதிக் காவலர் வந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் போகட்டும் என்று முடித்தோம். எங்கள் அழைப்பை ஏற்றுத் தீயணைப்பு வண்டி வந்தபோது பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள், பிள்ளைகளைத் தேடிப் பெரியவர்களும் வந்துவிட்டார்கள். உரை வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருக்கிறது. சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் சிகாகோவில் 343 குடியிருப்புப் பகுதிகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிவு: ஒருவரையொருவர் நம்பி, பொதுநன்மைக்காகத் தலையிடத் தயாராக இருப்பவர்கள் வாழும் பகுதிகளில், வறுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் வன்முறை குறைவு. அந்த நம்பிக்கை உரை கேட்டு வருவதில்லை.

அன்றைக்கு எல்லோர் சட்டையிலும் பெயரோடு வீட்டு எண்ணையும் எழுதி ஒட்டினோம். சாதாரண விஷயம்தான். ஆனால் "நீங்கதான் அந்த நீலக் கதவு வீடா!" என்று தொடங்கிய பேச்சுகள் நிறைய. பாட்டு, விளையாட்டு எல்லாம் இருந்தன, அவற்றைச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு மேசையில் தெருவின் பெரிய வரைபடத்தை விரித்திருந்தோம். ஆபத்து நேரத்தில் யாருக்கு உதவி தேவை, யாருக்கு முதலுதவி தெரியும், யாரிடம் ஏணி இருக்கிறது என்று அவரவர் விரும்பியதை மட்டும் எழுதலாம். எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்களுக்கு 1995 ஜனவரியில் ஜப்பானின் கோபே பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தைச் சொன்னேன். 6,400 பேருக்கு மேல் இறந்த அந்தப் பேரழிவில், இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். அதே நிலநடுக்கம் தாக்கிய அவாஜித் தீவின் ஹொகுடான் என்ற ஊரில், எந்த வீட்டில் யார் எந்த அறையில் தூங்குவார்கள் என்பதுகூட ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

வரைபடத்தை யாரும் படம் எடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னோம். தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் தப்பான கைக்குப் போனால் அதைவிட ஆபத்து வேறில்லை. தாள் இரண்டு வீடுகளில் மட்டும் இருக்கிறது. ஊருக்குப் போகும் தேதியைத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடாது, பக்கத்து வீட்டில் மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

அந்தக் குழு தனித் தலைவலி. தொடங்கிய சூட்டிலேயே "சந்தேகத்துக்குரிய ஆள்" என்று ஒருவருடைய படம் வந்தது. பார்த்தால் மாடி வீட்டுப் பெண்ணின் தம்பி. பயத்தை இறுக்கிக் கட்டி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவதைப் பாதுகாப்பு என்று நம்பும் தெருக்கள் இருக்கின்றன. எங்கள் தெரு அப்படி ஆகக் கூடாது என்று ஒரு விதி வைத்தோம்: ஒருவர் என்ன செய்தார் என்று எழுதலாம், எப்படி இருந்தார் என்று எழுதக் கூடாது. கதவை நெம்பினார் என்றால் செய்தி, அதையும் முதலில் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். தெருவில் நடந்து போனார் என்பது செய்தியே இல்லை. இதற்காக இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவிலிருந்து வெளியேறினார்கள். ஒருவர் திரும்பிவிட்டார்.

திருட்டு குறைந்ததா என்று கேட்கிறார்கள். ஒற்றைத் தெருவை வைத்து அப்படிக் கணக்குச் சொல்வது அபத்தம். கண்முன்னால் நடப்பதைச் சொல்லலாம். கேட் திறந்துகிடக்கிறது என்று அழைப்பு வருகிறது. மூலை வீட்டு ஐயாவின் ஜன்னலைத் தினமும் யாராவது தட்டுகிறார்கள், போதும் விடுங்கள் என்று அவரே அலுத்துக்கொள்கிறார். எரியாத தெருவிளக்கைப் பற்றி ஒருவர் எழுதினால் இன்னும் நாலு பேர் அதே புகாரை அனுப்புகிறார்கள், விளக்கும் எரிகிறது.

அடுத்த சந்திப்புக்கான விண்ணப்பத்தை மாடி வீட்டுப் பெண் நிரப்பிக்கொண்டிருக்கிறார். தடுப்புகளை அதுவரை யார் வீட்டில் வைப்பது என்பதுதான் இன்னும் தீரவில்லை. இப்போதைக்கு அண்ணன் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன, அண்ணிக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை.