புற்றோடு போகும் உடும்பு

உடும்புக்கு ஆபத்து என்றாலே வேட்டை நாயும் கண்ணியும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நியாயம்தான். காலை முதுகுப்பக்கம் மடக்கிக் கட்டி, சாக்குக்குள் உயிரோடு போட்டு வைத்திருந்த உடும்புகளை வனத்துறையினர் மீட்டபோது கூடவே நின்றிருக்கிறேன். கட்டை அவிழ்த்த பிறகும் அந்தக் கால்கள் உடனே ஊன்றாது. எத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தாலும் அதைப் பார்க்கப் பழகவில்லை.

உடும்பை வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் நோயாளிகள்தான். மூட்டுவலிக்கு எண்ணெய், உடம்பு தேறக் கறி என்று யாரோ சொன்னதை நம்பி வருகிறார்கள். இவற்றால் நோய் தீரும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அதிர்ஷ்ட வேர் என்று சொல்லி விற்ற ‘ஹத்தா ஜோடி’, ஆண் உடும்பின் காய்ந்த பிறப்புறுப்பு என்பது 2017-இல் ஆய்வகச் சோதனையில் வெளிவந்தது. கஞ்சிராவுக்கும் உடும்புத் தோல்தான் மரபு. இப்போது ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் வாசிக்கிறார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

சட்டம் வலுவாகவே இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலியும் யானையும் உள்ள முதல் அட்டவணையில்தான் உடும்பும் இருக்கிறது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னால், “உடும்புக்கா சார் இவ்வளவு?” என்று கேட்பார்கள்.

சரி, பிடிப்பதைச் சட்டம் தடுக்கும். புற்றை இடிப்பதை?

பெண் உடும்பு கரையான் புற்றைத் தோண்டியும் முட்டையிடும். ஒரு தடவைக்கு இருபது முட்டைகூட இருக்கும். தோண்டிய இடத்தைக் கரையான்களே பூசி அடைத்துவிடும். உள்ளே சூடும் ஈரப்பதமும் அதிகம் மாறாது. குஞ்சு வர ஆறிலிருந்து எட்டு மாதம்வரை ஆகலாம். அவ்வளவு காலமும் வெளியே நிற்பவருக்கு அது வெறும் மண்மேடு. பொக்லைன் வந்து ஒரு தள்ளு தள்ளினால் முடிந்தது. யாரும் உடும்பைக் கொல்லவில்லை, வழக்கும் இல்லை.

மஞ்சள் குங்குமம் வைத்த புற்றை மட்டும் எங்கள் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள். அம்மன் கோயில் ஓரங்களில் பெரிய புற்றுகள் மிஞ்சியிருப்பது அந்தப் பயபக்தியால்தான். மற்ற இடங்களில் விவசாயிகளிடம் நாங்கள் எலியைப் பற்றித்தான் முதலில் பேசுகிறோம். எலி, நண்டு, நத்தை, வண்டு எல்லாம் உடும்புக்கு இரை. “எலியைத் தின்னுமா? அப்ப வரப்பு ஓரத்துப் புற்று இருக்கட்டும்” என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த நல்ல பதில் அதுதான்.

ஆனால் தரிசை வாங்கி மனை பிரிப்பவருக்கு எலியைப் பற்றி என்ன கவலை? நிலத்தைச் சமன் செய்வதற்கு முன்பே அவரிடம் போய்ப் பேச எங்களுக்கு இன்னும் ஒரு வழி அமையவில்லை. இப்போதைக்கு, எந்தத் தரிசில் எல்லைக்கல் நடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஊருக்கு ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.