ஐந்து வாட்டுக்கு இத்தனை அலைச்சல்

ஹாம் ரேடியோவில், அதாவது பொழுதுபோக்காக லைசென்ஸ் வாங்கி நடத்தும் ரேடியோவில், சி.டபிள்யூ.வில் (மோர்ஸ் அடித்துப் பேசும் முறை) ஐந்து வாட்டுக்குள் இருந்தால் க்யூ.ஆர்.பி. (குறைந்த சக்தி) என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். லைசென்ஸில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடிலிருந்து மோர்ஸ் தேர்வு எழுதி ஜெனரல் கிரேடுக்கு மாறி, குறைந்த சக்திக்காரர்களுக்கான ஜி-க்யூ.ஆர்.பி. கிளப்பில் சேர்ந்து, அந்தக் கிளப்காரர் ஒருவரோடு தொடர்பு கிடைக்கும் வரை எங்கெங்கே முட்டிக்கொண்டேன் என்பதுதான் விஷயம். ரேடியோவால் வந்த தொல்லை கொஞ்சம்தான். மீதியெல்லாம் இனிஷியல், மொட்டை மாடி, துணி.

எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தால் வரும். மோர்ஸ்தான் ஆட்டிவைத்தது. நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் ஐந்து நிமிடம் காதால் கேட்டு எழுத வேண்டும், அப்புறம் அதே வேகத்தில் அடித்தும் காட்ட வேண்டும். ஐந்தெழுத்து ஒரு சொல் என்று கணக்கு, ஆக 200 எழுத்து. எட்டுதானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். இப்போது எல்லாரும் படிக்கிற மாதிரி எழுத்துகளை 20 வேகத்தில் ஒலிக்கவிட்டு, இடைவெளியை மட்டும் நீட்டித்தான் நானும் படித்தேன். காற்றலையில் பேச அதுதான் சரியான வழி. எனக்கு வாய்த்த தேர்விலோ எழுத்தே 8 வேகத்தில் இழுவையாக வந்தது. ஒரு டா (நீள ஒலி) முடிவதற்குள் மூளை முந்திக்கொண்டு அடுத்ததை ஊகித்து எழுதிவிடுகிறது. பாதிக்கு மேல் ஊகம் தப்பு. தேர்வுக்கு முன்னால் சில நாளாவது இழுவையான எழுத்தைக் கேட்டுப் பழகுங்கள்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர். கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவராம், ஓய்வுபெற்ற பிறகு பொழுதுபோக்குக்கு வந்திருந்தார். ஆரம்பிக்கும் முன் மெல்லச் சொன்னார்: “விட்டுப்போன எழுத்துக்கு ஒரு கோடு போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுங்க தம்பி. அதையே யோசிச்சா அடுத்த நாலும் போயிடும்.” அதை மட்டும் பிடித்துக்கொண்டு கரையேறினேன்.

அடிக்கும் சுற்றில் மேசைமேல் இருந்த ஸ்ட்ரெய்ட் கீயின் (கையால் அழுத்தி மோர்ஸ் அடிக்கும் கருவி) ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தது. டிட் (குறு ஒலி) எல்லாம் ஒட்டிக்கொண்டு டாவாகக் கேட்டது. சரிசெய்துகொள்ளலாமா என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தார்கள், ஆனால் விட்டார்கள். வாய் திறந்து கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

தேர்ச்சி பெற்றபின் காகிதப் படலம். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல். பட்டச் சான்றிதழில் முன்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என் பெயரோடு சேர்ந்து நிற்கிறது. இங்கே பாதிப்பேர் கதை இதுதான். கவுன்டரில் இருந்தவர் மூன்றையும் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுக் கேட்டார்: “சார், இதுல மூணு பேர் இருக்காங்க. நீங்க யாரு?” மூவரும் நானே என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வரச் சொன்னார். வாங்கிப் போனால் அன்று அவர் லீவு, அடுத்த இருக்கைக்காரர் அந்தப் பத்திரத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, ஆதார் போதும் என்றுவிட்டார். விண்ணப்பத்தில் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து பெயரைப் போடுங்கள், பத்திரத்தையும் கையில் வைத்திருங்கள். எந்த இருக்கையில் யார் இருப்பார் என்று சொல்ல முடியாது.

ரிக், அதாவது ரேடியோ பெட்டி விஷயத்தில் அலைச்சல் இல்லை. ஹைதராபாத்தில் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த போர்டு ஒன்றை வாங்கி நானே ஒயர் இணைத்துக்கொண்டேன்.

ஆன்டெனாவுக்குத்தான் அசோசியேஷன் செயலாளரைப் பார்க்க வேண்டியிருந்தது. “டவரா? குழந்தைங்க இருக்கற இடம் சார்” என்றார். லைசென்ஸ் நகலை நீட்டினேன், கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. ஐந்து வாட் என்றால் ஒரு நைட் லாம்ப் அளவு என்று சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. கடைசியில் ஒயரையே கொண்டுபோய்க் காட்டினேன். “இதுவா? கொடிக்கம்பி மாதிரி இருக்கு, கட்டிக்குங்க.” 40 மீட்டர் பாண்டுக்கான (பாண்டின் பெயரில் இருப்பது அலைநீளம்) அரை அலை ஒயர், சுமார் 20 மீட்டர் நீளம், ஒரு முனையில் ஒயரை ரிக்கோடு பொருத்த 49:1 டிரான்ஸ்ஃபார்மர். அதே ஒயர் 20 மீட்டர் பாண்டிலும் வேலை செய்யும்.

அவர் சொன்னது பலித்துவிட்டது. ஒருநாள் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா ரிக்கோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் அளவு) திடீரென்று எகிற, மாடிக்கு ஓடினால் ஒயரில் ஈரப் புடவை. மூன்றாவது மாடி அக்கா, “நல்லா இழுத்துக் கட்டியிருக்கியே தம்பி, அதான் போட்டேன்” என்றார். சிரித்துவிட்டு வந்தாலும் உள்ளூர பயம்தான். அரை அலை ஒயரின் நுனியில் குறைந்த சக்தியிலும் வோல்டேஜ் அதிகம், தொட்டால் சுரீரென்று சுடலாம். பி.வி.சி. குழாய் வைத்துக் கைக்கு எட்டாத உயரத்துக்குத் தூக்கிவிட்டேன்.

அடுத்தது இரைச்சல். பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர் பகல் முழுக்க எஸ்-9க்கு (பலமான சிக்னல் அளவுக்கு) இரைகிறது, அதற்கு வழியில்லை, பொழுது சாயக் காத்திருக்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போகுமுன் உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு ரிக்கை பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். என் வீட்டு ரவுட்டர் அடாப்டர் பண்ணிய கூத்து அப்போதுதான் தெரிந்தது.

கிளப்பில் சேர்வது மட்டும் உட்கார்ந்த இடத்தில் முடிந்தது. படிவம், பணம், அவ்வளவுதான், பிறகு உறுப்பினர் எண் வந்தது. ஜார்ஜ் டாப்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1974இல் தொடங்கியது. அவர் 2019இல் காலமானார், கிளப் தொய்யவில்லை. ‘ஸ்ப்ராட்’ என்ற காலாண்டிதழில் பக்கத்துக்குப் பக்கம் சர்க்யூட்தான், வெட்டிப்பேச்சே இல்லை. சந்தாவுக்கு அதுவே போதும்.

டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை அவர்கள் நடத்தும் ‘வின்டர் ஸ்போர்ட்ஸ்’ புதியவர்களுக்கு நல்ல வாசல். மதிப்பெண், போட்டி எதுவும் கிடையாது, க்யூ.ஆர்.பி. அலைவரிசைகளில் ஆள் நடமாட்டம் இருக்கும், அவ்வளவுதான். மாலையில் 20 மீட்டர் பாண்டில் 14.060 மெகாஹெர்ட்ஸில் சி.க்யூ. (யாராவது வாருங்கள் என்ற அழைப்பு) அடித்துக்கொண்டே இருந்தேன். பதில் இல்லை. காதில் விழும் நிலையங்களைத் தானாகவே இணையத்தில் பட்டியலிடும் ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க்கைத் திறந்து பார்த்தால் ஐரோப்பாவில் இரண்டு ரிசீவர்கள் என் கால்சைனைப் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) பிடித்துக் காட்டின. குறை ஆன்டெனாவில் இல்லை என்று தெரிந்தது பெரிய ஆறுதல். பதில் வராதபோது முதலில் அதைப் பாருங்கள்.

அப்புறம் இத்தாலியிலிருந்து ஒருவர் வந்தார், அசுர வேகத்தில். க்யூ.ஆர்.எஸ். (மெதுவாக அடியுங்கள்) என்று கெஞ்சினேன், உடனே நடைவேகத்துக்கு இறங்கினார். எனக்கு 339 கொடுத்தார், சிக்னல் பலவீனம் என்று அர்த்தம். நடுவில் மங்கி மறைந்ததால் அவருடைய உறுப்பினர் எண்ணை மூன்றுமுறை கேட்டு வாங்கினேன், சலிக்காமல் திருப்பித் திருப்பி அடித்தார். 72 (க்யூ.ஆர்.பி.காரர்களின் விடைபெறும் வாழ்த்து) சொல்லி முடித்தோம். பொழுது சாய்ந்ததும் பெரும்பாலும் 14.060 பக்கம்தான் இருப்பேன். கூப்பிடுவதானால் மெதுவாக அடியுங்கள்.