திருகோணமலையில் என் மாரிக்காலம்

தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் அகதி முகாமிலிருந்து இலங்கைக்குத் திரும்புவது பற்றி யோசிக்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் காகித வேலையைப் பற்றித்தான். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவது, குடியுரிமை, அடையாள அட்டை, பள்ளிக்கூடத்தில் சேர்வது. எல்லாமே அலைச்சல், அலைந்துதான் ஆக வேண்டும். அதைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே வந்து படிக்கிற ஒரு பெண்ணுக்கு நவம்பரும் டிசம்பரும் ஜனவரியும் எப்படிப் போகின்றன என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்குச் சொல்ல ஆசை அதைத்தான்.

நான் பிறந்தது மதுரைப் பக்கத்து முகாம் ஒன்றில். அப்பாவும் அம்மாவும் 1990இல் சண்டைக்குப் பயந்து திருகோணமலையை விட்டுப் படகேறிய குடும்பங்களின் பிள்ளைகள். வளர்ந்ததும் கல்யாணம் கட்டியதும் முகாமில். அம்மம்மாவோடு எல்லோருமாகத் திரும்பியபோது அவர்களுக்கு இது சொந்த ஊர், எனக்குப் புது நாடு. எட்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்தவள், பள்ளிக்கூடத்துப் பொதுப் பரீட்சைகளான ஓ.எல்., ஏ.எல். இரண்டையும் இங்கே எழுதினேன். இப்போது நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிற திருகோணமலை வளாகத்தில் படிக்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் அது.

இந்த ஊரில் பனிக்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஐப்பசியில் தொடங்கி தை வரை மாரி. ராத்திரியில்கூட 24 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் நாள்கணக்கில் வெயிலே இல்லாமல், வடகிழக்குக் காற்று கடலிலிருந்து நேரே அடிக்கும்போது, நனைந்த உடம்பு நடுங்கத்தான் செய்யும். என் அறைத்தோழி நுவரெலியாக்காரி. தை மாதம் அவள் ஊரில் சில விடியற்காலைகளில் தேயிலை மேல் உறைபனி படிந்திருக்குமாம். நான் போர்வைக்குள் சுருளுவதைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு குளிரா, புள்ள?" என்பாள். அவளுடைய பூட்டன் தோட்ட வேலைக்காக மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியவர். நான் அதே பக்கத்தில் பிறந்து இங்கே வந்தவள். அவளுக்கு நான் சொல்லச் சொல்ல அலுக்காத ஒரே விஷயம் மதுரைச் சித்திரைத் திருவிழா.

மழை எனக்குப் புதிதில்லை. அங்கே பெய்வதும் இதே வடகிழக்குப் பருவமழைதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், முதலில் திருகோணமலைப் பக்கத்தைத் தாக்கிவிட்டுத்தான் அந்தக் கரைக்குப் போனது. அம்மம்மா அதைப் பற்றி இன்றும் பேசுவார். 2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு புரெவிப் புயலும் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் பாம்பன் பக்கம் போனது. முதல் நாள் ராத்திரி முழுக்கச் சித்தி முகாமிலிருந்து எங்களுக்குப் போன் போட்டபடி இருந்தார். மறுநாள் நாங்கள் அவருக்குப் போட்டோம்.

முகாமில் மழை என்றால் பாத்திரம் தேடுவோம். பத்துக்குப் பத்து அறை, அதில் எந்த இடம் ஒழுகும் என்று எல்லோருக்கும் மனப்பாடம். அம்மா என் புத்தகங்களைப் பாலிதீன் பையில் கட்டி மேலே தொங்கவிடுவார். இந்த ஹாஸ்டலில் கூரை ஒழுகாது. ராத்திரி மழை பிடித்தால் எழுந்து உட்கார வேண்டியதில்லை, படுத்துக்கொண்டே கேட்கலாம். முதலில் தூரத்தில் பனை ஓலைகளில் இரையும், அப்புறம் கிட்ட வந்து ஓட்டில் விழும். தூக்கம் வந்தாலும் கொஞ்ச நேரம் வேண்டுமென்றே விழித்திருப்பேன்.

சாயங்கால லெக்சர் முடிந்து வெளியே வந்தால் கேண்டீனில் இடம் கிடைக்காது. இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி, அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த ரோல்ஸ். கடிக்கும்போது உள்ளே இருக்கிற மீனும் உருளைக்கிழங்கும் நாக்கைச் சுடும், மிளகுக் காரம் தொண்டையில் நிற்கும். கேண்டீன் அண்ணன், "குளிருதா பிள்ளை? இன்னொரு தேத்தண்ணி குடியன்" என்று, நான் கேட்காமலே ஊற்றுவார். பரீட்சை நெருங்கினால் சீனியர் அக்காமார் குப்பி எடுப்பார்கள், அதாவது பாடம் பிடிபட்டவர் பிடிபடாதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லித்தருவது. காற்றில் கரண்ட் போனாலும் நிற்காது, போன் வெளிச்சத்தில் நடக்கும். முதல் வருடக் கணக்கியலை நான் தாண்டியது அப்படித்தான். குப்பி முடிந்ததும் ரைஸ் குக்கரில் நூடில்ஸ் வேகும். குருநாகல் தோழி வீட்டிலிருந்து கொண்டுவந்த கொக்கிஸ் பலகாரமும், மூதூர்த் தோழியின் தொதல் இனிப்பும் கை மாறி வரும்.

மதுரைப் பக்கம் வளர்ந்தவளுக்குக் கடலே ஒரு பெரிய கொடுப்பினை. மே முதல் செப்டம்பர் வரை வெளிநாட்டவர்கள் நிறைந்திருக்கிற நிலாவெளிக் கரை, மாரியில் எங்களுடையது. கரைக்கு எதிரே இருக்கிற புறாத்தீவுக்குப் படகு ஓடாது. மீன்பிடிப் படகுகளை மேட்டுக்கு இழுத்து வைத்திருப்பார்கள். அலை உயர்ந்து வருவதைத் தள்ளி நின்று பார்ப்போம், இந்த நாட்களில் யாரும் காலை நனைக்கப் போவதில்லை. டவுனுக்குப் போனால் பத்திரகாளி அம்மன் கோயில் பக்கம் சுடச்சுடக் கச்சான், அதாவது வேர்க்கடலை, வாங்கிக்கொண்டு நடப்போம். கோட்டைக்குள் திரியும் புள்ளிமான்கள் டவுன் வரைக்கும் வரும். மழைக்குப் பூட்டிய கடையின் தாழ்வாரத்தில் ஒரு மான் ஒதுங்கி நின்றது. பக்கத்தில் நாங்கள். அது காதை உதறியதில் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. தோழி சிரித்த சிரிப்புக்குக்கூட அது நகரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கன்னியா வெந்நீர்க் கிணறுகள். டவுனிலிருந்து அநுராதபுரம் வீதிப் பக்கமாகப் போக வேண்டும். ஒரே முற்றத்தில் சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள். ஆழம் அதிகமில்லை, அடி தெரியும், கீழேயிருந்து குமிழி வரும். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஒன்றில் வெதுவெதுப்பு, இன்னொன்றில் கை வைத்ததும் எடுத்துவிடத் தோன்றும். இராவணன் தன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்பது ஐதீகம். பூமிக்கடியில் ஆழத்தில் சூடேறிய தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக மேலே வருகிறது என்று தோழி விளக்குவாள். எனக்கு இரண்டும் பிடிக்கும். அம்மம்மாவின் தாய் இறந்தபின் செய்கிற அந்தியேட்டிக் கிரியை இங்கேதான் நடந்ததாம், அதனால் எங்கள் வீட்டில் கன்னியா என்றால் குரல் தணியும். வெயில் காலத்தில் போய் என்ன பிரயோசனம்! மாரியில் போக வேண்டும். தலையில் குளிர்ந்த தூறல் விழுந்துகொண்டிருக்கும்போது, வாளியில் மொண்ட சூட்டுத் தண்ணீரைத் தோளில் ஊற்றினால், உடம்பு ஒரு தரம் சிலிர்த்துவிட்டு அப்படியே இளகும். அடுத்த கிணறு, அதற்கடுத்தது என்று ஏழையும் சுற்றி வந்து, முதலில் இருந்து மறுபடி தொடங்குவோம்.

அப்படிப் போய்விட்டு நேரமானால் டவுனில் ஒரு தோழி வீட்டிலேயே தங்கிவிடுவேன். முகாமில் ஆட்கள் இருக்கிறார்களா என்று மாசத்துக்கு ஒரு செக்கிங் உண்டு, வெளியூரில் படிக்கிற அண்ணன்மார்கூட வகுப்பை விட்டு ஓடி வருவார்கள். வெளியே தங்க அனுமதி வாங்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு ஒரு போன். "சரி பிள்ளை, நனையாமல் இரு" என்பார், அவ்வளவுதான்.

மார்கழியில் வீட்டுக்குப் போவேன். திருவாதிரைக்கு முந்திய பத்து நாளும் திருவெம்பாவைப் பூசை, விடியுமுன்னே சங்கும் சேமக்கலமும் கேட்கும். அம்மா சின்ன வயதில் கேட்டது. இப்போது எனக்கு முன்னாலேயே எழுந்து குளித்து, பூத்தட்டோடு வாசலில் நிற்பார். கோயிலில் அவலும் கடலையும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே சேற்றில் நடந்து வருவோம்.

சித்தி மகள் இந்த வருடம் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்ததும் எங்களிடம் வரப்போகிறாள். என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டாள். ஸ்வெட்டர் வேண்டாம், குடை இங்கேயே வாங்கலாம், வழுக்காத செருப்பு ஒரு ஜோடி, அம்மாவுக்கு ஒரு சுங்குடிச் சேலை என்று சொல்லியிருக்கிறேன். மாரி தொடங்கியதும் முதல் சனிக்கிழமையே கன்னியாவுக்குக் கூட்டிப்போவதாக நானும் நுவரெலியாக்காரியும் முடிவு செய்துவிட்டோம்.