"கொஞ்சம் ரத்தம்தான் போச்சு": எவ்வளவு கொஞ்சம்?

குழந்தை பிறந்த பின் போகும் ரத்தத்தை அளக்க, பிரசவ அறையில் கண்ணளவை நம்பக் கூடாது. துணியில் ஊறியது, பனிக்குட நீரோடு கலந்தது, கட்டிலுக்கடியில் சொட்டியது எதுவும் கணக்கில் வராது. இடுப்புக்கடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டால் ரத்தம் அதன் பையில் சேரும், அளவு தெரிந்துவிடும். விரிப்பு இல்லையா? ஊறிய துணியை எடை போட்டு, காய்ந்த எடையைக் கழியுங்கள். 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லி.

500 மில்லியைத் தொட்டால் சிகிச்சை தொடங்க வேண்டும். நாடி 100-ஐத் தாண்டினாலோ, மேல் அளவு பிபி 100-க்குக் கீழே போனாலோ 300 மில்லியிலேயே. ஆனால் பிபி இறங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இளம் உடம்பு ரத்தக் குழாய்களைச் சுருக்கி பிபியை வெகுநேரம் தாங்கிப் பிடிக்கும். முதலில் ஏறுவது நாடிதான்.

நஞ்சு (நஞ்சுக்கொடி) பிரிந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் வாய் திறந்தபடி இருக்கும். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கர்ப்பப்பைத் தசை இறுகி அவற்றை நெரித்தால்தான் ரத்தம் நிற்கும். அதிகம் ரத்தம் போகிறவர்களில் பத்தில் ஏழு பேருக்குப் பிரச்சினை இந்தத் தசை தளர்வதுதான். தொப்புள் பக்கம் கைவைத்தால் பந்து போலக் கெட்டியாக இருக்க வேண்டியது, பிசைந்த மாவு போலக் குழையும். நிரம்பிய சிறுநீர்ப்பையும் சுருங்கவிடாது. அதைக் காலி செய்ய மறந்துவிட்டு மருந்தைக் குறை சொல்வது அடிக்கடி நடக்கிறது.

குழந்தை பிறந்ததுமே, கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஊசி தடுப்புக்கு. மீறிப் போனால் மசாஜ், ஆக்ஸிடோசின் டிரிப், உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் (நரம்பு வழியே 10 நிமிடத்தில், பிறந்து 3 மணி நேரத்துக்குள்), சலைன், பரிசோதனை எல்லாம் ஒருசேர. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது என்று வரிசையில் போனால் நேரம் போய்விடும். கர்ப்பப்பையைச் சுருக்கும் மற்ற மருந்துகளில் மெத்தில் எர்கோமெட்ரின் உயர் பிபி உள்ளவருக்கும், கார்போப்ரோஸ்ட் ஆஸ்துமா உள்ளவருக்கும் கூடாது.

கர்ப்பப்பை கெட்டியாக இருந்தும் சிவப்பாக ஒழுகினால் கிழிசலைத் தேடுங்கள். நஞ்சை விரித்துப் பாருங்கள், துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். உறைவில் சந்தேகமா? கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து உள்ளங்கைச் சூட்டில் பிடியுங்கள். 7 நிமிடத்தில் கட்டவில்லை என்றால் உறையும் சத்து தீர்ந்திருக்கிறது. வெறும் சலைன் ஏற்றினால் இன்னும் நீர்த்துப்போகும். ரத்தமும் பிளாஸ்மாவும் வேண்டும்.

கர்ப்பக் காலத்தில் கணக்கு வேறு. ஆரம்ப வாரங்களில் ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்வலி, மயக்கம் என்றால் குழாய்க் கர்ப்பமாக (கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியது) இருக்கலாம், உடனே மருத்துவமனை. பிந்தைய மாதங்களில் வலியில்லாத சிவப்புப் போக்கு என்றால் நஞ்சு கீழே இறங்கியிருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் உள்ளே விரல் விடவே கூடாது. வயிறு கல் போல இறுகி வலித்தால் நஞ்சு முன்னரே பிரிந்திருக்கலாம். அங்கே ரத்தம் உள்ளேயே தேங்கும், வெளியே வருவது சொற்பம்.

வீட்டுக்குப் போன பிறகும் ஒரு மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சை அளவுக் கட்டி விழுந்தாலோ, நாற்றத்தோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். வெளிறிய போக்கு மறுபடி செக்கச் சிவப்பாகப் பெருகினாலும் அப்படித்தான், பிரசவமாகி ஒரு மாதம் ஆகியிருந்தாலும்.