ஹாசெக்கா, ப்ரோடரா?
கனடாவில் இருந்து அத்தான் லீவுக்குத் தூத்தூர் வந்திருக்கிறார். நேற்று ராத்திரி திண்ணையில் பொரித்த சாளையைப் பிய்த்துக்கொண்டே, ஐஸ் ஹாக்கியில் ஆகச் சிறந்த கோலி, அதாவது கோல்கீப்பர், யார் என்று ஆரம்பித்தார். (கோலி என்றதும் விராட்டா என்றான் பக்கத்து வீட்டுப் பயல்.)

அவருக்கு மார்ட்டின் ப்ரோடர்தான். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில் 691 வெற்றி, 125 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடவில்லை, இதை யார் தொடுவார் என்கிறார். சரி அத்தான், ஆனால் வெற்றிக்கணக்கில் முன்னால் நிற்கிற டிஃபென்ஸுக்கும் பங்கு உண்டல்லவா?

எனக்குச் செக் நாட்டு டொமினிக் ஹாசெக். 1998 நகானோ ஒலிம்பிக் அரையிறுதி, ஆட்டம் சமனாகி, கால்பந்து பெனால்டி மாதிரியான ஷூட் அவுட்டில் கனடாக்காரர்கள் ஐந்து பேர் வந்தார்கள், ஐந்தையும் தடுத்தார், அதுவும் எதிர்ப்பக்கக் கோலில் பாட்ரிக் ராய் மாதிரிப் பெரிய கோலி நிற்கும்போது. அப்புறம் செக் அணிக்குத் தங்கம். மட்டையைப் போட்டுவிட்டுக் கையாலேயே பக் என்கிற ரப்பர் வட்டை அமுக்குவார், மல்லாந்து விழுந்து காலைத் தூக்குவார், பார்த்தால் நம்ம கடற்கரை மணலில் வெறுங்காலோடு கோல் காக்கிற பயல்கள் மாதிரியே இருக்கும். அணிக்கு மிகவும் பயன்பட்ட ஆட்டக்காரருக்கு என்ஹெச்எல் தருகிற ஹார்ட் கோப்பையை இரண்டு முறை வாங்கிய ஒரே கோலியும் அவர்தான்.

அதைச் சொன்னதும் அத்தான் போனில் ஏதோ தேட ஆரம்பித்தார். அக்கா வந்து, "ஐஸே இல்லாத ஊர்ல என்னல சண்டை" என்று லைட்டை அணைத்துவிட்டாள்.